மேரி கியூரி அம்மையார்

போலந்து நாட்டின் வார்சா நகரில், 1867-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள், ஓர் ஆசிரியரின் மகளாகப் பிறந்தார் மேரி கியூரி. அந்நாளில் அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகத்தில் இடமில்லை. பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பொருள் சேர்த்து, 1891-இல் பாரிஸ் சென்று பயின்றார். கணவர் பியேருடன் 1898-இல் பொலோனியம், ரேடியம் என்னும் தனிமங்களைக் கண்டறிந்தார். 1903-இல் இயற்பியலுக்கும், 1911-இல் வேதியியலுக்கும் நோபல் பரிசு பெற்றார்.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. காயமுற்ற வீரர்களின் உடலில் குண்டு எங்கே தங்கியுள்ளது என்று அறியாமல் மருத்துவர்கள் தவித்தனர். அம்மையார் மோட்டார் வண்டிகளில் எக்ஸ்ரே கருவிகளைப் பொருத்திப் போர்முனைக்கே கொண்டு சென்றார். ஏறத்தாழ 150 பெண்களுக்கு அக்கலையைப் பயிற்றுவித்தார். பதினேழு வயது மகள் ஐரீனும் தாயுடன் தொண்டாற்றினாள். எண்ணற்ற வீரர்கள் உயிர் பிழைத்தனர்.

ஆனால் அக்கதிர்களின் தீமை அன்று முழுமையாக உணரப்படவில்லை. போதிய பாதுகாப்பின்றியே தாயும் மகளும் உழைத்தனர். 1934 ஜூலை 4-ஆம் நாள் கொடிய இரத்தசோகையால் அம்மையார் மறைந்தார். ஐரீன் 1956-இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். 1995-இல் அம்மையாரின் உடலை இடம் மாற்றியபோது ஆராய்ந்த அறிஞர்கள், ரேடியத்தைவிடப் போர்க்கால எக்ஸ்ரே பணியே நோய்க்குக் காரணமாயிருக்கலாம் என்று கருதினர்.

அவர் மறைந்த அதே 1934-இல்தான் எக்ஸ்ரே பணியாளர் ஏற்கத்தக்க கதிர் அளவைப் பன்னாட்டுக் குழு ஒன்று வகுத்தது. இன்று நம் நாட்டில் பணியாளருக்கு, ஐந்தாண்டுச் சராசரியாக, ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்பது வரம்பு. நோயாளிக்கோ அத்தகைய வரம்பு இல்லை. நோயைக் கண்டறியத் தேவையானதைத் தடுக்கலாகாது அன்றோ? அதனால் இரண்டு விதிகள் உள்ளன: தேவையிருந்தால் மட்டுமே படம் எடுக்க வேண்டும், எடுக்கும்போது இயன்றவரை குறைந்த கதிரே போதும். மார்பு எக்ஸ்ரே ஒன்றுக்கு 0.1 மில்லிசீவர்ட் அளவே ஆகும்; வயிற்று சி.டி. ஸ்கேனுக்கு 10 வரையும் ஆகலாம்.

மாணவியரே! நாகையிலோ தஞ்சையிலோ எக்ஸ்ரே எடுக்க நேர்ந்தால் அஞ்ச வேண்டாம். பழைய படங்களைப் பத்திரப்படுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். மறுபடி எடுக்கும் தேவை குறையும். கருவுற்ற தாய்மார் அதனை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அம்மையார் அறியாமல் கொடுத்த விலையை, அறிந்த நாம் கொடுக்க வேண்டியதில்லை.