ராஜாஜி கட்சி மாறியவரா?

வைட்ஃபீல்டில் மகன் வீட்டோடு வந்து பதினோரு வருஷங்கள் ஆகின்றன. எங்கள் குடியிருப்பில் மாலை நடை முடிந்ததும் பெரியவர்கள் ஏழெட்டு பேர் பெஞ்சில் உட்காருவோம். சென்ற தேர்தல் சமயத்தில் பேச்சு சற்றுத் தடித்துவிட்டது. இன்ன கட்சிக்கு வோட்டுப் போடாதவன் நல்ல ஹிந்துவும் இல்லை, தேசபக்தனும் இல்லை என்றார் ஒருவர். இன்னொருவர் அதையே வேறு கட்சிக்காகத் திருப்பிச் சொன்னார். அப்புறம் இரண்டு நாள் இருவருக்கும் பேச்சில்லை. எனக்கு ராஜாஜியின் ஞாபகம் வந்தது.

அவர் 10-12-1878ல் பிறந்த தொரப்பள்ளி இங்கிருந்து அதிக தூரமில்லை. வர்த்தூர், சர்ஜாபூர், அத்திப்பள்ளி வழியாக ஓசூர் போய், அதைத் தாண்டிப் போக வேண்டும். பிறந்த வீடு இன்று அரசு நினைவு இல்லம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வந்தேன். பெங்களூர் சென்ட்ரல் காலேஜ் படிப்பு, சேலத்தில் வக்கீல் தொழில் எல்லாம் அன்பர்கள் அறிந்ததே.

கீதையிலும் உபநிஷத்துகளிலும் ஊறிய வைஷ்ணவர் அவர். ஆனாலும் 1933ல் மகள் லக்ஷ்மியை காந்திஜியின் மகன் தேவதாஸுக்கு மணம் செய்து கொடுத்தார். 1939ல் மதுரை வைத்தியநாதய்யர் ஹரிஜனங்களை மீனாக்ஷி அம்மன் கோவிலுக்குள் அழைத்துச் சென்றபோது, மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்து அதற்குச் சட்டப் பாதுகாப்பு தந்தவரும் அவரே. நம்மவர்களிலேயே பலருக்கு அன்று அவர் மேல் கோபம்.

பெரிய சோதனை 1942ல் வந்தது. முஸ்லிம் லீக் பிரிவினை கேட்கிறது. அந்தக் கோரிக்கையை ஒப்புக்கொண்டாவது லீகுடன் சேர்ந்து தேசிய சர்க்கார் அமைக்க வேண்டும் என்றார் ராஜாஜி. அலகாபாத்தில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டியில் அவர் தீர்மானத்துக்கு ஆதரவு 15, எதிர்ப்பு 120. மதத்துக்கும் தேசத்துக்கும் துரோகி என்று பட்டம் கிடைத்தது. தமிழர் நிறைந்த பம்பாய் மாதுங்காவில் கூட்டத்தில் அவர் மேல் தார் வீசினார்கள். கட்சியை விட்டு விலகினார். ஆகஸ்ட் போராட்டத்திலும் சேரவில்லை. 1944ல் அவர் வகுத்த திட்டத்தைத்தான் காந்திஜி ஜின்னாவிடம் பேச எடுத்துப் போனார். ஜின்னா ஏற்கவில்லை. 1948ல் சுதந்திர நாட்டின் கவர்னர் ஜெனரலாக அதே துரோகிதான் வந்து உட்கார்ந்தார்!

அவர் செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. 1938ல் ஹிந்தியை எதிர்த்தவர்களைச் சிறையில் போட்டார்; பிற்காலத்தில் அவரே ஹிந்தித் திணிப்பை எதிர்த்தார். 1953ன் கல்வித் திட்டத்தை யாரையும் கலக்காமல் கொண்டு வந்தது பெரும் பிசகு என்பதே என் அபிப்பிராயம். மறு வருஷம் பதவி போயிற்று.

1959ல், எண்பது வயதில், காங்கிரஸை எதிர்த்து சுதந்திரா கட்சி தொடங்கினார். கூட நின்றவர்கள் பார்ஸியான மசானி, ஆந்திர விவசாயத் தலைவர் ரங்கா. 1967ல் தி.மு.க.வோடு கூட்டு, அதே அணியில் முஸ்லிம் லீகும் உண்டு. ஒரு கையால் பூணூலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் உதயசூரியனுக்குப் போடும்படி பிராமணர்களுக்குச் சொன்னார் என்று இன்றும் பேசிக்கொள்வார்கள். காங்கிரஸ் தோற்றது. தி.மு.க.வுக்குத் தனித்தே பெரும்பான்மை கிடைத்ததால் மந்திரிசபையில் சுதந்திராவுக்கு இடமில்லை.

அப்போது சேலத்தில் எங்கள் வீட்டில் ஒரே கலவரம். அப்பா கதர் கட்டியவர். காங்கிரஸைத் தவிர வேறு தெரியாது. ஆனால் கூடத்தில் மாட்டியிருந்தது ராஜாஜி படம். பெரியப்பா வந்து படத்தைக் கழற்றச் சொன்னார். அப்பா மறுத்தார். பெரியப்பா காபி கூடச் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். அடுத்த ஆவணி அவிட்டத்துக்குத்தான் திரும்பி வந்தார்.

1972 டிசம்பர் 25ல் ராஜாஜி காலமானபோது, பல வருஷங்கள் எதிர் அணியில் நின்ற, தெய்வ நம்பிக்கையே இல்லாத பெரியார், 93 வயதில் சக்கர நாற்காலியில் மயானத்துக்கு வந்து கண்ணீர் விட்டார். மறுநாள் பத்திரிகையை அப்பா வெகு நேரம் மடிக்காமல் வைத்திருந்தார். 67ல் யாருக்குப் போட்டார் என்று அன்றைக்குக் கேட்டேன். சிரித்தாரே ஒழிய பதில் சொல்லவில்லை.