மாய்சனைட்டுக்குப் பெயர் தந்தவர்: அணுக்களின் பிடியோடு மல்லுக்கட்டிய முவாசான்

வைரத்துக்குப் பதிலாக ‘மாய்சனைட்’ மோதிரம் விற்கும் விளம்பரங்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ஹென்றி முவாசான். வேதியியலில் பிரான்ஸுக்கு முதல் நோபல் பரிசை வாங்கித் தந்தவர். ஆனால் அவர் உயிரைப் பணயம் வைத்தது கல்லுக்காக இல்லை, ஒரு வாயுவுக்காக.

மருந்துக்கடைப் பையன்

1852-ல் பாரிஸில் பிறந்தார். அப்பா ரயில்வே ஊழியர், அம்மா தையல் வேலை செய்தவர். பள்ளி இறுதிச் சான்றிதழ்கூட வாங்காமல் படிப்பை நிறுத்தியவர், மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். வேதியியல் மீது ஆசை வந்தது. விட்ட படிப்பைத் தொடர்ந்து முனைவர் பட்டம் வரை போனார்.

அப்போது வேதியியலாளர்களை மிரட்டிக்கொண்டிருந்த பெயர் ஃபுளூரின். அப்படி ஒரு தனிமம் இருப்பது தெரியும். ஆனால் தனியாகப் பிரிக்க யாராலும் முடியவில்லை. முயன்றவர்களில் பெல்ஜியத்தின் லூயே, பிரான்ஸின் நிக்லெஸ் இருவரும் உயிரையே விட்டார்கள்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்?

காரணம், அணுவின் அளவு. இரண்டு அணுக்கள் சேரும்போது அவற்றின் கருக்களுக்கு இடையே உள்ள தூரம்தான் பிணைப்பு நீளம். அணு சின்னதாக இருந்தால் கருக்கள் நெருங்கி வரும். நடுவில் பகிர்ந்துகொள்ளும் எலெக்ட்ரான்களை இரண்டு கருக்களும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். பெரிய அணு என்றால் தூரம் கூடும், பிடி தளரும்.

கணக்கைப் பாருங்க. ஹைட்ரஜன்-ஃபுளூரின் பிணைப்பின் நீளம் 92 பைகோமீட்டர். அதை உடைக்க ஒரு மோலுக்குச் சுமார் 570 கிலோஜூல் வேண்டும். அதே குடும்பத்தின் பெரிய அணுவான அயோடின் ஹைட்ரஜனோடு சேர்ந்தால் நீளம் 161 பைகோமீட்டர். சுமார் 300 கிலோஜூல் போதும். ஃபுளூரின் எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் பலமாக இழுப்பதும் இந்த வலிமைக்கு ஒரு காரணம்.

அப்படின்னா இரண்டு ஃபுளூரின் அணுக்கள் சேர்ந்தால் பிணைப்பு இரும்பு மாதிரி இருக்கணுமே? இல்லை! இங்கே கதை தலைகீழ். அதன் நீளம் 142 பைகோமீட்டர்தான். குளோரின் ஜோடிக்கோ 199. ஆனால் குளோரினைப் பிரிக்க சுமார் 243 கிலோஜூல் தேவை, ஃபுளூரினுக்கு 159 போதும். அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குவதால், பிணைப்பில் சேராத எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன.

விளைவு என்ன? தன் ஜோடியைச் சுலபமாக விட்டுவிடும், கிடைக்கும் அடுத்த பொருளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடிக் குடுவையைக்கூட விட்டுவைக்காது.

1886 ஜூன் 26

முவாசானுக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. எலெக்ட்ரானே அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை. அவரிடம் இருந்தது பொறுமைதான். பிளாட்டினம்-இரிடியம் கலந்த ‘U’ வடிவக் குழாயில் ஹைட்ரஜன் ஃபுளோரைடை ஊற்றி, உறைநிலைக்கு வெகு கீழே குளிர்வித்து மின்சாரம் பாய்ச்சினார். வெளிவந்த வாயு பட்டதும் சிலிக்கான் தீப்பிடித்தது. ஃபுளூரின் சிக்கிவிட்டது!

அறிவியல் அகாடமி ஒரு குழுவை அனுப்பியது. அவர்கள் முன்னால் சோதனை சொதப்பியது. அவர்களுக்காகவே அமிலத்தை ஸ்பெஷலாகச் சுத்தம் செய்திருந்தார். அந்தச் சுத்தம்தான் வினை. சுத்தமான அமிலம் மின்சாரத்தைக் கடத்தாது. கொஞ்சம் பொட்டாசியம் ஃபுளோரைடு சேர்த்ததும் வேலை நடந்தது. அதே ஆண்டில் அவர் நச்சியல் பேராசிரியரும் ஆனார்.

கல்லும் கடைசி நாட்களும்

1893-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் விழுந்திருந்த விண்கல்லில் மினுக்கும் படிகங்களைக் கண்டு வைரம் என்றே நினைத்தார். பிறகுதான் அது சிலிக்கான் கார்பைடு என்று தெளிவானது. அதுவே மாய்சனைட். அணு அளவுக் கணக்கு இங்கேயும் உண்டு. வைரத்தில் கார்பன்-கார்பன் தூரம் 154 பைகோமீட்டர். மாய்சனைட்டில் பெரிய அணுவான சிலிக்கான் இருப்பதால் அது சுமார் 189. அதனால்தான் கடினத்தன்மையில் வைரத்துக்கு ஒரு படி கீழே நிற்கிறது.

1906-ல் நோபல் பரிசு, மெண்டலீவைத் தாண்டி அவருக்குக் கிடைத்தது. 1907 பிப்ரவரியில் மெண்டலீவ் மறைந்தார். அதே மாதம் 20-ம் தேதி, குடல்வால் அழற்சியால் முவாசானும் காலமானார். வயது 54. ஃபுளூரினோடு பழகிய காலத்தில் பலமுறை நச்சுப் பாதிப்புக்கு ஆளானவர் அவர்.

அடுத்த முறை நான்-ஸ்டிக் தோசைக்கல்லில் தோசை ஒட்டாமல் வந்தால் அவரை நினைத்துக்கொள்ளுங்க. அதன் பூச்சில் கார்பனை விடாமல் பிடித்திருப்பதும் அதே குட்டி ஃபுளூரின்தான்.