ஓரணாச் சாப்பாடு

தீபாவளி நெருங்கினால் டி.வி.யில் தி.நகர் கடை விளம்பரங்கள் வரிசையாக வருமே, பார்த்திருப்பீர்கள். தி.நகர் என்றால் தியாகராய நகர். அந்தத் தியாகராயர் யார் தெரியுமா?

பிட்டி தியாகராயர் 1852-ல் நெசவுத் தொழில் செய்த வசதியான குடும்பத்தில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். படித்து முடித்த பிறகும் தறியை மறக்கவில்லை. சென்னையில் நெசவுச்சாலை நடத்தினார். அங்கே புதுவகைத் தறிகளைக் கொண்டுவந்தார். நாடாவைக் கையால் தள்ள வேண்டாம். கயிற்றைச் சுண்டினால் அதுவே ஓடும். நம் வீரவநல்லூரில் தறி பார்த்த பிள்ளைகளுக்கு இது எளிதில் புரியும். வணிகர்களின் சங்கமான தென்னிந்திய வர்த்தக சபைக்கும் அவர் தலைவராக இருந்தார்.

1916-ல் டி.எம்.நாயர் முதலியவர்களுடன் சேர்ந்து அவர் தொடங்கிய கட்சியை மக்கள் நீதிக்கட்சி என்றார்கள். 1920-ல் சென்னை மாகாண சட்டசபைக்குத் தேர்தல் நடந்தது. அப்போது எல்லோருக்கும் ஓட்டு கிடையாது. சொத்து உள்ளவர்களுக்கும் வரி கட்டுபவர்களுக்கும்தான். நீதிக்கட்சி வென்றது. கவர்னர் வெலிங்டன் பிரபு முதல் மந்திரி பதவியைத் தியாகராயருக்கே கொடுக்க முன்வந்தார். அவரோ வேண்டாம் என்று கூறி, சுப்பராயலு ரெட்டியாரை அந்தப் பதவியில் அமர வைத்தார். வகுப்புத் தலைவர் பதவிக்கே சண்டை போடுகிறீர்களே, கொஞ்சம் யோசியுங்கள்!

எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. அதே 1920-ல் அவர் சென்னை மாநகராட்சித் தலைவர். ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகள் பசியோடு படித்தார்கள். அவர்களுக்குச் சிற்றுண்டி கொடுக்க மாநகராட்சி தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் செலவாகக் கூடாது. (பதினாறு அணா ஒரு ரூபாய்.) பிறகு வேறு சில பள்ளிகளுக்கும் அது பரவியது, பிள்ளைகளும் கூடினார்கள். ஆனால் கல்விப் பணத்தைச் சாப்பாட்டுக்குச் செலவிட ஆங்கில அரசு சம்மதிக்கவில்லை. 1925 ஏப்ரலில் அந்தச் சிற்றுண்டி நின்றுபோனது. அதே ஆண்டில் தியாகராயரும் காலமானார்.

காமராசர் 1956-ல் மதிய உணவைத் தமிழகப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார். எம்.ஜி.ஆர். 1982-ல் அதைச் சத்துணவாக விரிவாக்கினார். நான் வள்ளியூர்ப் பக்கம் ஆசிரியராக இருந்தபோது காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளைகள் பன்னிரண்டு மணிக்கே ஜன்னல் வழியாகச் சமையல் கூடத்தைப் பார்ப்பார்கள். மணி அடித்ததும் தட்டோடு ஓடுவார்கள். அந்த வரிசையில் நின்ற ஒரு பெண், பிறகு ஆசிரியையாகி அதே பள்ளிக்கு வந்தாள்.