விலக்கப்பட்டும் விலகாத வீராங்கனை

பதவி பறிபோன மறுநாளே பாதை மாறுகிறவர்கள் உண்டு. தலைமை தம்மை ஒதுக்கியது என்றவுடன், தாம் வளர்ந்த வீட்டுக்கே கொள்ளி வைக்கக் கிளம்புகிறவர்களும் உண்டு. அத்தகையோரை நாம் ஏராளமாகக் கண்டிருக்கிறோம். ஆனால் தாமே தோற்றுவித்த அமைப்பிலிருந்து விரட்டப்பட்டு, பழி சுமத்தப்பட்டு, ஊரை விட்டு வெளியேற்றப்பட்டு, தலைமையை இழந்து, 13 ஆண்டுகள் இன்னொருவர் தலைமையின் கீழ்த் தொண்டராக உழைத்து, தாம் கொண்ட கொள்கை வென்றதைக் கண்ணாரக் கண்டவர் ஒருவர் உண்டு. அவர் ஒரு பெண். ஆஸ்திரேலிய நாட்டுக் கத்தோலிக்கத் துறவி. மேரி மெக்கில்லப் என்பது அவர் பெயர்.

கன்னிமாடத்துக் கதை நமக்கு எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அந்த அம்மையார் தொழுத கடவுளைப் பற்றி நாம் இங்கே வாதிட வரவில்லை. ஓர் அமைப்பு யாருக்காக இருக்கிறது, அதை நடத்தும் உரிமை யாருக்கு உண்டு என்ற இரண்டு கேள்விகளுக்காக அவர் நாற்பதாண்டுக் காலம் நின்றார். அந்தக் கேள்விகள் ஆலைத் தொழிலாளிக்கும் உண்டு, கழனித் தொழிலாளிக்கும் உண்டு.

1842-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் மெல்போர்ன் நகரில் பிறந்தவர் மேரி. பெற்றோர் ஸ்காட்லாந்திலிருந்து பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்தவர்கள். தந்தை படித்தவர்தான், ஆனால் தொட்ட தொழில் எதுவும் துலங்கவில்லை. எட்டுப் பிள்ளைகள். சொந்த வீடு நிலைக்காமல் உறவினர் வீட்டை அண்டி வாழ வேண்டிய நிலை. மூத்த பெண் மேரி 14 வயதிலேயே வேலைக்குப் போனார். மெல்போர்னில் ஒரு காகிதக் கடையில் எழுத்து வேலை. அந்தச் சம்பளம்தான் பல நாள் வீட்டு உலையை ஏற்றியது. ஏழ்மை என்பதை ஏட்டில் படித்தவரல்லர் அவர்; வயிற்றில் படித்தவர்!

1860-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் பெனோலா என்ற சிற்றூருக்கு வந்தார். அங்கே பண்ணை வைத்திருந்த உறவினரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வேலை. மேரியோ பண்ணை வீட்டுப் பிள்ளைகளோடு அக்கம்பக்கத்து ஏழைப் பிள்ளைகளையும் சேர்த்து உட்கார வைத்தார். அந்த ஊரில்தான் ஜூலியன் டெனிசன் வுட்ஸ் என்ற பாதிரியாரைச் சந்தித்தார். பாறைகளையும் செடிகொடிகளையும் ஆராயும் அறிவியல் அறிஞரும் ஆவார் அவர். காட்டிலும் மேட்டிலும் குதிரையேறித் திரிந்தபோது, எழுத்தறியாமல் வளரும் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் கண்டு மனம் நொந்தவர். இருவர் கவலையும் ஒன்றாயிற்று.

1866-இல் பெனோலாவில் பள்ளி தொடங்கியது. கட்டடம்? பயன்படாமல் கிடந்த ஒரு குதிரை லாயம்! மேரியின் தம்பி அதைச் செப்பனிட்டுக் கொடுத்தார். தங்கைகள் இருவர் பாடம் நடத்த உடன் வந்தனர். அங்கே பிறந்ததுதான் சூசையப்பர் சபை. மறு ஆண்டு, 1867-இல், அடிலெய்டு நகரில் அந்தச் சபையின் முதல் சகோதரியாக மேரி துறவு பூண்டார். அப்போது அவருக்கு வயது 25.

இந்தச் சபையில் என்ன புதுமை? அந்நாளைய ஐரோப்பியக் கன்னிமாடங்கள் பலவற்றில் இரண்டு படிகள் இருந்தன. சீதனத்தோடு வந்த செல்வர் வீட்டுப் பெண் மேல்படியில் அமர்ந்து ஓதுவாள், கற்பிப்பாள். ஏழை வீட்டுப் பெண் கீழ்ப்படியில் நின்று சமைப்பாள், துணி துவைப்பாள். மேரியின் சபையில் அந்தப் படிகள் இல்லை. எல்லோரும் சகோதரிகள், எல்லோரும் சமம். உயர்ந்த மதில் எழுப்பி உள்ளே இருக்கவும் இல்லை. இருவர் மூவராகப் போய், ஏழைகள் வாழும் ஊரில் ஏழைகளின் குடிசை போன்ற வீட்டில் தங்கினர். சம்பளம் கொடுக்க முடிந்தவர் கொடுக்கலாம். முடியாதவர் பிள்ளைக்கும் அதே பலகை, அதே பாடம். பற்றாக்குறைக்குச் சகோதரிகளே வீடு வீடாகச் சென்று கையேந்தினர். 1871-க்குள் ஏறத்தாழ 130 சகோதரிகள், 40-க்கும் மேற்பட்ட பள்ளிகள், இல்லங்கள்! சிறையிலிருந்து வெளிவந்த பெண்களுக்கும் ஆதரவற்ற முதியோருக்கும் அங்கே இடம் கிடைத்தது.

வளர்ந்தது சபை. வந்தது சோதனை.

சபையின் சட்டம், தலைவியைச் சகோதரிகளே தேர்ந்தெடுக்க வேண்டும், எந்த ஊரிலிருந்தாலும் எல்லோரும் அந்தத் தலைமைக்குக் கட்டுப்பட வேண்டும் என்றது. ஆனால் அந்தந்த வட்டாரத்தை ஆண்ட பிஷப்புகளோ, தம் எல்லைக்குள் இருக்கும் சகோதரிகள் தம் சொல்லைத்தான் கேட்க வேண்டும் என்றனர். நமக்குப் புரியும்படி சொன்னால், பல ஊர்களில் கிளை பரப்பிய ஒரு தொழிற்சங்கத்தை ஊருக்கு ஒரு பெரிய மனிதர் துண்டு போட்டு எடுத்துக்கொள்ள நினைத்தால் என்ன ஆகும்? பெயர் இருக்கும், பலகை இருக்கும், சங்கம் இருக்காது. மேரி அதைத் தெளிவாக உணர்ந்தார். அதனால்தான் மற்றவற்றில் பணிந்து போனவர், இந்த ஒன்றில் மட்டும் இறங்கி வரவில்லை.

சபையின் சட்டத்துக்கு முதலில் ஒப்புதல் தந்தவர் அடிலெய்டு பிஷப் ஷீல். நோயாளியான அவர், பின்னர்ச் சில பாதிரிமார்களின் சொல் கேட்டு, அதே சட்டத்தை மாற்ற முனைந்தார். அந்தக் கோபத்துக்குப் பின்னணி ஒன்று உண்டு. 1870-இல் கபுண்டா என்ற செம்புச் சுரங்க ஊரில் ஒரு பாதிரியார் குழந்தைகளிடம் தகாத முறையில் நடந்துகொண்டதைச் சகோதரிகள் வெளிப்படுத்தினர். அவர் அயர்லாந்துக்கே திருப்பி அனுப்பப்பட்டார். அவருடைய நண்பர்கள்தாம் பிஷப்பின் காதில் நஞ்சை ஊற்றினர் என்று வரலாற்றை ஆராய்ந்தோர் சிலர் கூறுகின்றனர்; அது மட்டுமே காரணமன்று என்போரும் உண்டு. எப்படியாயினும், சட்ட மாற்றத்தை மேரி ஏற்கவில்லை.

1871 செப்டம்பர் 22. தலையில் முடி, கையில் செங்கோல், புடைசூழப் பாதிரிமார். அந்தக் கோலத்தில் வந்தார் பிஷப். 29 வயது மேரியை மண்டியிட வைத்தார். கீழ்ப்படியாமை என்பது குற்றச்சாட்டு. திருச்சபையிலிருந்தே நீக்கம் என்பது தீர்ப்பு. அவரோடு பேசக் கூடாது, பழகக் கூடாது. நம் கிராமங்களில் ஊர்விலக்குச் செய்கிறார்களே, அதைப் போன்ற கொடுமை! சகோதரிகள் ஏறக்குறைய ஐம்பது பேர் உடனே வெளியேற்றப்பட்டனர். பள்ளிகள் பல மூடப்பட்டன.

நடுத்தெருவில் நின்ற அந்தப் பெண்களுக்கு வீடு கொடுத்தவர் யார் தெரியுமா? எமானுவேல் சாலமன் என்ற யூதர்! இளமையில் குற்றவாளி என்று இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்டு, பின்னர் வணிகராகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் உயர்ந்தவர். வாடகை வாங்காமல் வீட்டைத் திறந்துவிட்டார். தம் மதத்தார் கதவடைத்தபோது வேற்று மதத்தார் கதவைத் திறந்த காட்சியை எண்ணிப் பாருங்கள்!

மேரி என்ன செய்தார்? வசைபாடினாரா? தம் பின்னே வந்தவர்களைத் திரட்டித் தனிச் சபை கண்டாரா? இல்லை. பிஷப்பை இழித்து ஒரு சொல் பேசக் கூடாது என்று சகோதரிகளைக் கட்டுப்படுத்தினார். அதே வேளையில், தவறு செய்தேன் என்று எழுதிக் கொடுக்கவும் இல்லை. ஐந்து மாதம் சென்றது. மரணப் படுக்கையில் கிடந்த பிஷப் ஷீல் தம் தவற்றை உணர்ந்தார். 1872 பிப்ரவரியில் தடை நீங்கியது. மார்ச் முதல் நாள் பிஷப் மறைந்தார்.

ஒருவர் மனமாற்றத்தை நம்பி ஓர் அமைப்பு வாழ முடியாது, சட்டமே அரண் என்று கண்ட மேரி, 1873-இல் தனியாளாக ரோமாபுரிக்குக் கப்பலேறினார். போப்பாண்டவர் ஒன்பதாம் பயஸைக் கண்டு முறையிட்டார். மறு ஆண்டு முடிவு வந்தது. சகோதரிகளே தம் தலைவியைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு இசைவு கிடைத்தது. ஆனால் சபைக்குச் சொத்தே கூடாது என்ற பழைய விதி மாற்றப்பட்டது. அந்த விதியை உயிராகக் கருதிய வுட்ஸ் பாதிரியார், மேரி போதிய அளவு போராடவில்லை என்று மனம் கசந்தார். பழைய நட்பு அதன் பின் பழைய நட்பாக இல்லை. வெற்றிக்கு அவர் கொடுத்த விலை அது. ஆயினும் பின்னாளில், வுட்ஸ் மறைந்த பிறகு, அவருடைய வாழ்க்கையை அன்போடு எழுதி வைத்தவரும் மேரியே. பிரிந்தவரைப் பழிப்பதுதான் கொள்கைப் பற்று என்று நினைப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

ரோமாபுரி சொன்ன பிறகும் உள்ளூர் ஆதிக்கம் ஓயவில்லை. பாத்தர்ஸ்ட் பிஷப் மாத்யூ குவின், சகோதரிகளில் ஒரு பகுதியினரைப் பிரித்துத் தம் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டார். அவருடைய அண்ணனான பிரிஸ்பேன் பிஷப் ஜேம்ஸ் குவினோடு ஏற்பட்ட பூசலால், 1880 வாக்கில் குவின்ஸ்லாந்தை விட்டே சகோதரிகள் வெளியேற நேர்ந்தது. 1883-இல், முன்பு ஆதரவாக இருந்த அடிலெய்டின் புதிய பிஷப் ரெனால்ட்ஸே விசாரணை வைத்தார். கணக்கில் கோளாறு, கடன் சுமை, குடிப்பழக்கம் என்று குற்றச்சாட்டுகள்! கொடிய உடல்வலிக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த பிராந்தியைத்தான் குடிப்பழக்கம் என்றார்கள். கொள்கையை வெல்ல முடியாதவர்கள் நடத்தையைக் கறைப்படுத்துவது எந்த நாட்டிலும் நடப்பதுதான். அடிலெய்டை விட்டு வெளியேறுமாறு ஆணை பிறந்தது. மேரி சிட்னிக்குப் போனார்.

1885-இல் தலைமைப் பதவியும் போயிற்று. அவர் தேர்தல் செல்லாது என்று கூறி, பெர்னார்டு என்ற சகோதரியைத் தலைவியாக அமர்த்தினர். மறு ஆண்டு இன்னோர் இடி. சகோதரிகளின் பணிக்கு உதவக் கப்பலில் வந்துகொண்டிருந்த தாயார் ஃபுளோரா, லை-ஈ-மூன் என்ற அந்தக் கப்பல் பாறையில் மோதி உடைந்தபோது கடலில் மாண்டார்.

இதற்குப் பிறகும் அவர் சோரவில்லை. தாம் பயிற்றுவித்த ஒருவருக்குக் கீழே, தாம் உண்டாக்கிய சபையில், சாதாரணத் தொண்டராகப் பணியைத் தொடர்ந்தார். ஊர் ஊராகப் போய்ப் பள்ளிகளைக் கவனித்தார். புதிய தலைவிக்கு எதிராக ஒரு கோஷ்டி சேர்க்கவில்லை.

1888-இல் போப்பாண்டவர் பதின்மூன்றாம் லியோ இறுதி ஆணை பிறப்பித்தார். சூசையப்பர் சபை எந்தத் தனி பிஷப்பின் உடைமையும் அன்று. ஒரே தலைமையின் கீழ் இயங்கும் தனிச் சபை என்பது உறுதியாயிற்று. எதற்காக ஊர்விலக்கை ஏற்றாரோ, அது நிறைவேறியது. அப்போது அவர் தலைவியல்லர்! கொள்கை மேடையேறிய நாளில் அவர் கூட்டத்தில் ஒருவராக நின்றார்.

பெர்னார்டு அம்மையார் 1898-இல் மறைந்தார். 1899-இல் சகோதரிகள் வாக்களித்து மேரியைத் தலைவியாக்கினர். 1902-இல் நியூசிலாந்தில் பக்கவாதம் தாக்கி வலப்பக்கம் செயலிழந்தது. இடக்கையால் எழுதப் பழகிக்கொண்டார். 1905-இல் மீண்டும் அவரையே தேர்ந்தெடுத்தனர். 1909 ஆகஸ்டு 8-ஆம் நாள் வடசிட்னியில் கண்மூடினார். அவர் கல்லறை மண்ணை மக்கள் கைப்பிடி கைப்பிடியாக அள்ளிச் சென்றனர்; 1914-இல் உடலைச் சபையின் ஆலயத்துக்கே மாற்ற வேண்டியதாயிற்று.

விலக்கிய அதே திருச்சபை, 2010 அக்டோபர் 17-இல் அவருக்குப் புனிதர் பட்டம் சூட்டியது. ஆஸ்திரேலிய நாட்டார் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல் முறை. அதற்கு முந்திய ஆண்டு அடிலெய்டுப் பேராயர், தம் முன்னோர் செய்த தவறுக்காகச் சகோதரிகளிடம் மன்னிப்புக் கேட்டார். 138 ஆண்டுகள் கழித்து!

பட்டம் அவர்கள் வழக்கம், அது இருக்கட்டும். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. கட்டுப்பாடு என்றால் வாயை மூடிக்கொள்வது என்று சிலர் நினைக்கிறார்கள். உரிமை என்றால் வீட்டை இடிப்பது என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். மேரி மெக்கில்லப் பணிய வேண்டிய இடத்தில் பணிந்தார். நிற்க வேண்டிய இடத்தில் நின்றார். எந்த இடத்திலும் ஏழைப் பிள்ளையின் பள்ளிக் கதவு மூடாமல் பார்த்துக்கொள்ளப் பாடுபட்டார். நாளைக்கு நம் கிளையில் பொறுப்பு ஒன்று கைமாறும். நமக்கு வருத்தமாகவும் இருக்கும். அன்றும் கொடிக் கம்பத்தடியைக் கூட்டிப் பெருக்கி, படிப்பகத்தைத் திறந்து வைக்க நம் கை முன்வருமா? அந்தக் கேள்வியை ஒவ்வொரு தோழரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.