இலக்கணத்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்த திருத்தணிப் புலவர்

சென்னையில் இருந்து அரக்கோணம் போகும் ரெயில் பாதையில் இருக்கிறது, திருவாலங்காடு. காளியோடு போட்டியிட்டுச் சிவபெருமான் நடனம் ஆடிய தலம் என்று சொல்லப்படும் ஊர் இது. காரைக்கால் அம்மையார் வழிபட்ட இடமும் இதுதான்.

அதற்கு அருகே உள்ள முருகன் தலம் திருத்தணி. 365 படி ஏறினால் கோவில்.

இது தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் எல்லைப் பகுதி. இந்த எல்லையில் பிறந்த ஒருவர்தான், தமிழ் இலக்கணத்தைச் சிறு பிள்ளைகளும் படிக்கும்படி செய்தார். அவர் பெயர் விசாகப்பெருமாள் ஐயர்.

புலவர் குடும்பம்

விசாகப்பெருமாளின் தந்தை கந்தப்பையர். தணிகைப் புராணம் பாடிய கச்சியப்ப முனிவரிடம் தமிழ் கற்றவர். தணிகை முருகன் மீது பல நூல்கள் பாடியவர்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். ஒருவர் சரவணப்பெருமாள். மற்றொருவர் விசாகப்பெருமாள். இரண்டுமே முருகன் பெயர்கள்.

பிள்ளைகள் இருவரும் தமிழ் படிக்கச் சென்னைக்கு வந்தார்கள். அப்போது சென்னையில் இராமாநுச கவிராயர் என்ற பெரும் புலவர் இருந்தார். 1839-ல் தமிழ்நாட்டுக்கு வந்த ஜி.யு.போப்புக்கும் தமிழ் சொல்லிக் கொடுத்தவர் அவர். அவரிடம் சகோதரர்கள் இருவரும் பாடம் கேட்டார்கள்.

மனப்பாடம்

அந்தக் காலத்தில் இலக்கணம் படிப்பது எளிதான காரியம் அல்ல.

எல்லோரும் படித்த இலக்கண நூல், நன்னூல். 13-ம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதியது. அது முழுவதும் சூத்திரங்கள். சூத்திரம் என்றால் சுருக்கமான பாட்டு. ஒரு வரியில் பத்து வரிச் செய்தி அடங்கி இருக்கும்.

மாணவன் முதலில் சூத்திரங்களை மனப்பாடம் செய்ய வேண்டும். பிறகு ஆசிரியர் பொருள் சொல்லுவார். ஆசிரியர் கிடைக்காவிட்டால்? பாட்டு மட்டும் வாயில் இருக்கும். பொருள் விளங்காது.

ஆகவே, புலவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும், புலவரைத் தேடிப் போக வசதி உள்ளவர்களுக்கும்தான் இலக்கணம் கிடைத்தது. மற்றவர்களுக்கு அது பூட்டிய வீடாகவே இருந்தது.

கேள்வியும் பதிலும்

அந்தப் பூட்டைத் திறக்க விசாகப்பெருமாள் ஐயர் முயன்றார். இலக்கணத்தைக் கேள்வி-பதிலாக, வசன நடையில் எழுதினார். அவருக்கு முன்பே தாண்டவராய முதலியார் இந்த முறையில் ஒரு நூல் எழுதி இருந்தார். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்ற ஐந்து இலக்கணத்தையும் கேள்வி-பதிலாகத் தந்தார் விசாகப்பெருமாள் ஐயர்.

தமிழில் எழுத்துக்கள் எத்தனை என்பது ஒரு கேள்வி என்று வைத்துக் கொள்வோம். உயிர் 12. மெய் 18. இரண்டும் சேர்ந்து உண்டாகும் உயிர்மெய் 216. ஆய்தம் ஒன்று. மொத்தம் 247. இப்படிப் படித்தால் குழந்தைக்கும் புரியும்.

சொற்கள் சேரும்போது என்ன நடக்கிறது? வாழையும் பழமும் சேர்ந்தால் வாழைப்பழம். நடுவில் ஒரு "ப்" தோன்றுகிறது. பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம். "ன்" என்பது "ற்" என்று மாறுகிறது. மரமும் வேரும் சேர்ந்தால் மரவேர். "ம்" மறைந்து போகிறது. தோன்றுவது, மாறுவது, மறைவது என்று மூன்றே மாற்றம்தான். நாம் தினமும் பேசும் பேச்சில் இருப்பதுதான் இலக்கணம். அதற்கு ஒரு பெயரும் ஒரு வரிசையும் கொடுத்தால் போதும், பயம் போய்விடும்.

1852-ல் "பாலபோத இலக்கணம்" என்ற நூலை அவர் வெளியிட்டார். பாலர் என்றால் குழந்தைகள். போதம் என்றால் அறிவு. யாருக்காக எழுதினார் என்பதை நூலின் பெயரே சொல்லிவிடுகிறது.

எளிமையாக எழுதினாரே தவிர, அவர் புலமையில் குறைந்தவர் அல்ல. நன்னூலுக்கு உரை எழுதியவர். யாப்புக்கும் அணிக்கும் தனித்தனியே நூல் எழுதியவர். கடலை நீந்திக் கடந்தவர்தான், குழந்தைகளுக்காகக் கரையில் நின்று கை கொடுத்தார்.

அச்சுக்கூடம்

நூல் எழுதினால் மட்டும் போதுமா? மக்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டுமே!

அதுவரை பெரும்பாலும் ஓலைச் சுவடிகள்தான். ஒரு நூல் வேண்டும் என்றால், உட்கார்ந்து முழுவதையும் எழுத்தாணியால் எழுத வேண்டும். இந்தியர்கள் அச்சுக்கூடம் நடத்துவதற்குக் கிழக்கு இந்தியக் கம்பெனி ஆட்சியில் கட்டுப்பாடுகள் இருந்தன. 1835-ல் அவை நீங்கின.

1830-களில் சகோதரர்கள் சென்னையில் ஒரு அச்சுக்கூடம் நடத்தினார்கள். அதன் பெயர் "கல்வி விளக்கம்". சரவணப்பெருமாள் ஐயர் திருக்குறளுக்கு உரை எழுதிப் பதிப்பித்தார். விசாகப்பெருமாள் ஐயர் இலக்கணத்தில் கவனம் செலுத்தினார்.

1841-ல் சென்னையில் அரசாங்க உயர்பள்ளி ஒன்று தொடங்கியது. அதுவே 1855-ல் மாநிலக் கல்லூரி ஆயிற்று. அந்தக் கல்விக்கூடத்தில் விசாகப்பெருமாள் ஐயர் தமிழ்ப் புலவராகப் பணி புரிந்தார். தந்தையும் ஆசிரியரும் தனக்குக் கொடுத்ததை, வகுப்பு நிறைய இருந்த மாணவர்களுக்கு அவர் வாரிக் கொடுத்தார்.

பிறகு யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும் இலக்கணத்தை வசனத்தில் எழுதினார். பள்ளிப் பிள்ளைகள் உரைநடையில் இலக்கணம் படிக்கும் வழக்கம் ஊன்றியது.

ஊர்ப் பெயர்

சகோதரர்கள் சென்னையில் வாழ்ந்தாலும், பிறந்த ஊரை மறக்கவில்லை. தங்கள் பெயருக்கு முன்னால் "திருத்தணிகை" என்று சேர்த்தே எழுதினார்கள்.

1953-ல் ஆந்திரா தனி மாநிலம் ஆனபோது திருத்தணி அங்கே போயிற்று. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1-ந் தேதி தமிழகத்துடன் சேர்ந்தது. ஆனால், தமிழ் இலக்கண நூல்களின் முதல் பக்கத்தில் அந்த ஊரின் பெயர் அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே இடம் பெற்றுவிட்டது.

இன்று கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துப் பிழையைத் திருத்தவும் இதே விதிகள்தான் தேவைப்படுகின்றன. வாழைப்பழத்தில் "ப்" வருமா, வராதா என்று ஒரு பிள்ளை கேட்டால், பதில் சொல்லப் புலவரைத் தேடிப் போக வேண்டியது இல்லை. பள்ளிப் புத்தகத்திலேயே பதில் இருக்கிறது. அதற்கு வழி திறந்தவர்களில் ஒருவர், திருத்தணி விசாகப்பெருமாள் ஐயர்.