யானைமேல் துஞ்சிய இளவரசன்

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் வழியில் நார்த்தாமலை இருக்கிறது. அங்கே மேலமலைப் பாறையின் மேல் ஒரு கற்கோயில். பெயர் விஜயாலய சோழீச்சுரம். கட்டியவர் முத்தரையர் குலத் தலைவர் ஒருவர். பெயர் என்னவோ, முத்தரையரிடமிருந்து தஞ்சையைப் பறித்த விஜயாலய சோழனுடையது!

அந்த விஜயாலயனின் கொள்ளுப் பேரன் ராஜாதித்தன். பட்டத்துக்கு உரிய மூத்த பிள்ளை. ஆனால் அவன் தலையில் கிரீடம் ஏறவில்லை.

அவன் தந்தை பராந்தக சோழன் கி.பி. 907-ல் அரியணை ஏறினான். தெற்கே மதுரையைப் பிடித்தான். வடக்கே வாணர்களை விரட்டினான். நாடு இழந்தவர்கள் சும்மா இருப்பார்களா? ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனிடம் போய் முறையிட்டார்கள். இன்றைய கர்நாடகத்தில் உள்ள மால்கேட்தான் அவன் தலைநகரம். அந்தக் காலத்தில் அவனுக்கு இணையான படை வேறு யாரிடமும் இல்லை என்றே சொல்லலாம்.

வடக்கிலிருந்து ஆபத்து வரும் என்பது பராந்தகனுக்குத் தெரிந்திருந்தது. சொந்த மகனையே காவலுக்கு அனுப்பினான். சுந்தரர் பிறந்த திருநாவலூரில் ராஜாதித்தன் பாசறை அமைத்தான். யானை, குதிரை, காலாள் எல்லாம் அங்கே திரண்டன. மலையாள வீரர்களும் பலர் இருந்தார்கள்.

ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, பல வருஷம் காத்திருந்தார்கள். போர் வருமா, வராதா என்று தெரியாமல் பெரும் படையைக் கட்டிக் காப்பது லேசான காரியமா? சும்மா இருந்த அந்தப் படை வெட்டியதுதான் வீராணம் ஏரி என்று சொல்வார்கள். வீரநாராயணன் என்பது பராந்தகனின் பட்டப் பெயர். சென்னைக்குக் குடிநீர் தருவதும் இந்த ஏரிதான்.

பாசறையில் இளவரசனுக்கு ஓர் உயிர் நண்பன் இருந்தான். பெயர் வெள்ளங்குமரன். கேரளத்துக்காரன், சேனாதிபதி. 943-ல் பெண்ணையாற்றங்கரையில், கிராமம் என்ற ஊரில், சிவனுக்குக் கற்கோயில் எழுப்பியவன் அவன்தான்.

கடைசியில் 949-ல் கிருஷ்ணன் வந்தே விட்டான். அரக்கோணத்துக்குப் பக்கத்தில் உள்ள தக்கோலத்தில் இரு படைகளும் மோதின. ராஜாதித்தன் யானை மேல் இருந்து போர் செய்தான். யானை மேல் இருப்பவன் எல்லோர் கண்ணுக்கும் தெரிவான், எதிரியின் கண்ணுக்கும்தான். அங்கேயே அவன் உயிர் போயிற்று. தலைவன் விழுந்ததும் சோழப் படை தோற்றது.

கிருஷ்ணனின் அம்பு பட்டு இறந்தான் என்கின்றன சோழர் செப்பேடுகள். கொன்றவன் கங்க மன்னன் பூதுகன் என்கிறது கர்நாடகத்தின் ஆதகூர்க் கல்வெட்டு. பூதுகன், கிருஷ்ணனின் சகோதரியை மணந்தவன். வெற்றிக்குப் பரிசாக வனவாசி முதலிய நாடுகளைப் பெற்றான். அந்தக் கல் நடப்பட்ட காரணம்தான் விசித்திரம். பூதுகனின் வீரன் மணலேரன் என்பவன் பரிசாகக் கேட்டு வாங்கியது ஒரு வேட்டை நாய். அது காட்டுப் பன்றியோடு போராடி மாண்டது. அந்த நாயின் நினைவுக் கல்லில்தான் சோழ இளவரசன் மரணமும் பதிவாகியிருக்கிறது!

பராந்தகனுக்கு வயதான காலம். தொண்டை மண்டலமும் போயிற்று, மகனும் போனான். 955 வாக்கில் அவனும் கண் மூடினான். அரியணை இரண்டாவது மகன் கண்டராதித்தனுக்கு வந்தது. துஞ்சுதல் என்றால் உறங்குதல். அரசர் இறந்தால் துஞ்சினார் என்று சொல்வது மரபு. ராஜாதித்தனைச் சோழ நாட்டார் யானை மேல் துஞ்சிய தேவர் என்றே அழைத்தார்கள்.

வெள்ளங்குமரன் என்ன ஆனான்? தக்கோலத்தில் இளவரசன் விழுந்தபோது அவன் பக்கத்தில் இல்லை. தலைவனோடு சேர்ந்து சாகவில்லையே என்ற துயரம் அவனை அரித்தது. வாளை விட்டான். கங்கைக்குப் போய் நீராடினான். திரும்பி வந்து திருவொற்றியூரில் ஒரு குருவிடம் துறவு பெற்றான். சதுரானன பண்டிதர் என்ற பெயரோடு அங்கிருந்த மடத்துக்குத் தலைவரானார். அவர் ஏன் துறவியானார் என்ற வரலாறு திருவொற்றியூர்க் கோயில் கல்வெட்டிலே இருக்கிறது. அது வெட்டப்பட்டபோது அந்த ஊரை ஆண்டவன், இளவரசனை வென்ற அதே கிருஷ்ணன்.