தீவுகளில் பறவை நாடிய ஹியூம்

சேத்தூரில் நின்று மேற்கே நோக்குவோர்க்கு, வயல்களுக்கும் கண்மாய்களுக்கும் அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலை நீண்டதோர் அரண்போலத் தோன்றும். அம்மலைத் தொடரின் பசுமை மாறாக் காடுகளில் இருவாச்சி என்னும் பெரும்பறவை வாழ்கின்றது. அதன் உறவினம் ஒன்று அந்தமான் கடல் நடுவே நார்க்கொண்டம் என்னும் சிறு தீவில் மட்டும் உள்ளது; உலகில் வேறெங்கும் அதனைக் காண இயலாது. அப்பறவையை முதன்முதல் உலகிற்கு முறையாக அறிவித்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம் ஆவார். இந்திய தேசிய காங்கிரசைத் தோற்றுவித்த பெரியார்களுள் ஒருவராகவே நாடு அவரை நன்கறியும். பறவைகளை நாடிக் கடல் கடந்த ஹியூமை அறிந்தோர் சிலரே.

ஹியூம் 1829ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். 1849இல் இந்தியா வந்து அரசுப் பணி ஏற்றார். எட்டாவா மாவட்டத்தில் ஏழைச் சிறுவர்க்குக் கட்டணமில்லாப் பள்ளிகளை நிறுவி நற்பெயர் பெற்றார். அலுவல் ஒழிந்த நேரமெல்லாம் பறவைகளை ஆராய்ந்தார். சிம்லாவிலிருந்த தம் மாளிகையில் அவற்றைத் தொகுத்து வைத்தார். பறவையியலுக்கெனச் ‘சிதறிய இறகுகள்’ என்று பொருள்படும் பெயருடைய இதழையும் நடத்தினார்.

1873ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவர் நீராவிக் கப்பலேறி அந்தமான் நிக்கோபார் தீவுகளை நோக்கிப் புறப்பட்டார். நிலநூல் வல்லுநர்களாகிய ஸ்டோலிச்காவும் பாலும் உடன் சென்றனர். அந்தமான் அந்நாளில் தண்டனை பெற்ற கைதிகளின் இருப்பிடம். முந்திய ஆண்டில்தான் கவர்னர் ஜெனரல் மேயோ பிரபு அங்குக் குத்திக் கொல்லப்பட்டார். அடர்ந்த காடும், உப்பங்கழிகளை அடைத்து நின்ற அலையாத்தி மரங்களும் வழிச்செல்வோரை மருட்டின. ஹியூமோ அவற்றினிடையே புதுமைகளைக் கண்டார். அந்தமான் வாத்து, அந்தமான் சிற்றாந்தை முதலியவற்றை அவ்வாண்டிலேயே தம் இதழில் விளக்கி எழுதினார். அச்சிற்றாந்தைக்கு உடன் வந்த பாலின் பெயரையே அறிவியற் பெயராகச் சூட்டினார்.

அப்பயணத்தின் அரும்பேறு நார்க்கொண்டமே. அஃது அடங்கிப்போன எரிமலை ஒன்றின் முடி. மிகச் சிறிய பரப்புடையது. கரை முதல் உச்சி வரை காடு போர்த்தது. அங்கு வாழும் இருவாச்சியில் ஆணின் தலையும் கழுத்தும் செம்பழுப்பு நிறமாகவும், பெண்ணின் உடல் கருநிறமாகவும் இருக்கும். முட்டையிடுங் காலத்தில் பெண் பறவை மரப்பொந்தினுள் புகுந்து, சிறு துளை மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொள்ளும். ஆண் பறவை கனிகளைக் கொணர்ந்து அத்துளை வழியே ஊட்டும். முதிர்ந்த மரங்கள் அழியின் பொந்துகள் இல்லை. பொந்துகள் இல்லையேல் அப்பறவைக்குக் குடியும் இல்லை.

அக்காலத்தார் பறவைகளைச் சுட்டு வீழ்த்தியே ஆராய்ந்தனர். ஹியூமும் அவ்வாறே செய்தார். பிற்காலத்தில் அவர் உள்ளம் மாறிற்று. ஊன் உண்ணுதலையும் உயிர் கொல்லுதலையும் அறவே விடுத்தார்.

1882இல் பணியினின்றும் ஓய்வு பெற்ற ஹியூம், இந்தியப் பறவைகள் அனைத்தையும் பற்றிப் பெருநூல் ஒன்று இயற்றக் கருதியிருந்தார். ஏறத்தாழ 25 ஆண்டுகள் எழுதிச் சேர்த்த குறிப்புகள் சிம்லா மாளிகையில் குவிந்து கிடந்தன. குளிர்காலத்தில் அவர் அங்கு இல்லாத வேளையில், பணியாள் ஒருவன் அவற்றுட் பெரும்பகுதியைக் கழிவுத் தாளென்று கடைத்தெருவில் விற்றுவிட்டான். திரும்பி வந்த ஹியூம் வெறுமையான இடத்தையே கண்டார். ஒருவர் வாழ்நாளின் உழைப்பு பொட்டலம் கட்டும் தாளாய்ப் போயிற்று!

அவ்விழப்பு அவரை நிலைகுலையச் செய்தது. எனினும், எஞ்சியதைப் பூட்டி வைத்து வருந்தினாரல்லர். பறவைகளும் முட்டைகளுமாக எண்பதினாயிரத்திற்கும் மிக்க தம் தொகுப்பினை 1885இல் இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கு விலையின்றி ஈந்தார். எஞ்சிய குறிப்புகளைக்கொண்டு ஓட்ஸ் என்னும் அறிஞர் பறவைகளின் கூடுகளையும் முட்டைகளையும் பற்றிய நூலை வெளியிட்டார். அதே 1885ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் பம்பாயில் காங்கிரசின் முதல் மாநாடு கூடியது. அதற்கு ஹியூம் பெரிதும் உழைத்தார். முதுமையில் இங்கிலாந்து சென்று செடிகொடிகளை ஆராய்ந்து, 1910இல் இலண்டனில் தாவரவியற் கழகம் ஒன்றை நிறுவி, 1912இல் இயற்கை எய்தினார்.

வீட்டினுள் வைத்துக் காத்த குறிப்புகள் அழிந்தன. உடனுக்குடன் அச்சிட்டுப் பிறர்க்கு வழங்கிய தீவுச் செய்திகளோ இன்றும் ஆராய்ச்சியாளர்க்குப் பயன்படுகின்றன. அறிவைக் காக்கும் வழி அதனைப் பகிர்தலே என்பதற்கு ஹியூமின் வாழ்க்கை சான்றாகும். தாளில் எழுதியது அழிந்தால் மீண்டும் எழுத ஒருவர் முன்வரலாம். சிறு தீவில் மட்டும் வாழும் பறவை அழிந்தால் அதனை மீண்டும் படைப்பார் யார்? அந்தமான் கடல் தீவுக்கும் சேத்தூர் மலைக்கும் இவ்வுண்மை ஒன்றேயாம். காடு காக்கப்பட்டாலன்றி இருவாச்சியின் குரல் நிலைத்திராது.